வோல்ட்டும் அம்பியரும் கையில் இருந்தால்: தடையும் வலுவும் கணக்கிட முழுமையான வழிகாட்டி

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் தடை வரும். இரண்டையும் பெருக்கினால் வலு வரும். சாதாரண தர விஞ்ஞானத்தில் எல்லோரும் படித்ததுதான். கணக்குப் போடக் கைபேசி போதும். ஆனால் அந்த இரண்டு அளவையும் எந்த இடத்தில், எந்த நேரத்தில் எடுப்பது என்று கேட்டால் கெட்டிக்காரப் பிள்ளைகள்கூட யோசிப்பார்கள். வினாத்தாளில் "230 வோல்ட்" என்று கொடுத்துவிடுகிறார்கள். இரவு ஏழு மணிக்கு, லைன் போய் முடிகிற இடத்து வீட்டில், குசினிச் சொக்கற்றில் அந்த 230 இருக்குமா என்று வினாத்தாள் கேட்பதில்லை.

இந்த வழிகாட்டி அளப்பதில் தொடங்கிக் கணக்கில் முடிகிறது. அழுத்தம், ஓட்டம், தடை மூன்றையும் அளக்கும் மல்டிமீற்றர் ஒன்றும், வயரைச் சுற்றிப் பிடித்து ஓட்டம் அளக்கும் கிளாம்ப் மீற்றர் ஒன்றும் இருந்தால் நல்லது. இல்லாதவர்களும் எண்களைப் பின்தொடர்ந்து வரலாம்.

சூத்திரமும் அலகும்

தடை (ஓம்) = மின்னழுத்தம் (வோல்ட்) ÷ மின்னோட்டம் (அம்பியர்)

வலு (வாட்) = மின்னழுத்தம் (வோல்ட்) × மின்னோட்டம் (அம்பியர்)

முதலாவது, ஜேர்மனியரான ஜோர்ஜ் ஓம் 1827 இல் வெளியிட்ட விதியிலிருந்து வருவது. இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று போட்டால் இன்னும் இரண்டு வடிவங்கள் கிடைக்கும்:

வலு = மின்னோட்டம் × மின்னோட்டம் × தடை

வலு = மின்னழுத்தம் × மின்னழுத்தம் ÷ தடை

கம்பியில் பிறக்கும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது என்பதை ஜூல் 1841 இல் பரிசோதித்துக் காட்டினார். இந்த வர்க்கத்தை மனதில் வைத்திருங்கள், வயர் கருகும் இடத்தில் இதுதான் வேலை செய்கிறது.

பிழை பெரும்பாலும் மில்லியிலும் கிலோவிலும்தான் வரும். தோணியில் 12 வோல்ட் பற்றரி ஒன்று இருக்கிறது, அதில் சின்னச் சிவப்பு எல்ஈடி ஒன்றை எரிய விட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பற்றரி நிறைந்திருக்கும்போது 12.6 வோல்ட். எல்ஈடி 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 10.6 வோல்ட், அதோடு சேர்த்துப் போடும் தடையியில் (தடை தரும் சிறு உறுப்பு) விழ வேண்டும், ஓட்டம் 20 மில்லியம்பியர். 10.6 ஐ 20 ஆல் வகுத்து 0.53 ஓம் தடையி போட்டால் எல்ஈடி அந்தக் கணமே போய்விடும். 20 மில்லியம்பியர் என்பது 0.02 அம்பியர். 10.6 ÷ 0.02 = 530 ஓம். கடையில் 560 ஓம் கிடைக்கும், அதைப் போடலாம். அதில் வீணாகும் வலு 10.6 × 10.6 ÷ 560, அதாவது 0.2 வாட். கால் வாட் தடையி தாங்கும்தான், ஆனால் சூடாகவே கிடக்கும். அரை வாட் வாங்குங்கள், விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

அளப்பது

அழுத்தத்தை அளக்க மீற்றரின் இரு முனைகளையும் சாதனத்தின் இரு முனைகளில் வைக்க வேண்டும், அதாவது சமாந்தரமாக. ஓட்டத்தை அளக்க, ஓட்டம் மீற்றருக்குள்ளால் போக வேண்டும், அதாவது தொடராக. இதை மாற்றிச் செய்வது ஆபத்து. மல்டிமீற்றரின் சிவப்பு வயர் 10 அம்பியர் துளையில் இருக்கும்போது முனைகளைச் சொக்கற்றில் குத்தினால் அது நேரடியாக ஷோர்ட் அடித்த மாதிரி. மலிவு மீற்றர் கையிலேயே வெடிக்கும். ஓட்டம் அளந்து முடிந்த உடனே வயரைப் பழைய துளைக்கு மாற்றிவிடும் பழக்கம் வேண்டும்.

வீட்டு மின்சாரத்தில் ஓட்டம் அளக்கக் கிளாம்ப் மீற்றரைத்தான் நான் சொல்வேன். வயரை வெட்டத் தேவையில்லை, செம்பைத் தொடத் தேவையில்லை. ஒரு நிபந்தனை உண்டு: மீற்றரின் கொளுவிக்குள் ஒரே ஒரு வயர்தான் இருக்க வேண்டும். லைவும் நியூட்ரலும் சேர்ந்து உள்ளே போனால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்து மீற்றர் 0 காட்டும். கேத்தில் கொதித்துக்கொண்டிருக்கும், மீற்றர் பூச்சியம் என்று நிற்கும்.

அதற்கு ஒரு சின்ன ஏற்பாடு செய்து வைத்துக்கொள்ளலாம். பிளக்கும் சொக்கற்றும் உள்ள ஒரு குட்டை நீட்சி வயரை எடுங்கள். எங்கும் செருகாமல் வைத்து, வெளி உறையை மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு நெடுக்காகச் சீவி எடுங்கள். உள்ளே லைவ், நியூட்ரல், ஏர்த் மூன்றும் தனித்தனி உறையோடு தெரியும். அந்த உறைகளில் கத்தி பட்டிருந்தால் அந்த வயரை இதற்குப் பாவிக்க வேண்டாம். லைவ் வயரைச் சற்று வெளியே வளைத்து விட்டால் கொளுவி சுலபமாகப் பிடிக்கும். அளவு மிகச் சிறிதாக இருந்தால், இன்னொரு வயரில் லைவைக் கொளுவியைச் சுற்றிப் பத்துச் சுற்று ஓட விட்டு, வரும் அளவைப் பத்தால் வகுக்கலாம்.

ஓம் நிலையில் வைத்த மீற்றரை மின் ஓடும் எதிலும் வைக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகே வைக்க வேண்டும்.

உங்கள் உடம்பும் ஒரு தடைதான், அதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஈரக் கையோடு, வெறுங்காலோடு நிற்பவரின் தடையைச் சுமார் 1000 ஓம் என்று எடுப்பது வழக்கம். 230 ÷ 1000 = 0.23 அம்பியர், அதாவது 230 மில்லியம்பியர். வீட்டு ட்ரிப் சுவிட்ச் 30 மில்லியம்பியர் கசிவிலேயே விழும்படி செய்யப்பட்டிருப்பது அதனால்தான். மாரியில் முற்றத்தில் தண்ணீர் நிற்கும் நாட்களில் இந்த அளவு வேலைகளைத் தள்ளிப் போடுங்கள். ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தி அது விழுகிறதா என்று பார்த்த பிறகே தொடங்குங்கள்.

முதல் கணக்கு: கேத்தில்

கேத்திலின் அடியில் 1800 வாட், 230 வோல்ட் என்று இருக்கிறது. மெயின் சுவிட்சுக்கு அருகே உள்ள சொக்கற்றில் செருகி, தண்ணீர் ஊற்றி, போடுகிறோம். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அழுத்தமும் ஓட்டமும் எடுக்கிறோம்: 226 வோல்ட், 7.7 அம்பியர்.

தடை: 226 ÷ 7.7 = 29.35 ஓம்.

வலு: 226 × 7.7 = 1740 வாட்.

எழுதியிருப்பது 1800, வந்தது 1740. கேத்திலில் கோளாறு இல்லை. 230 வோல்ட்டில் என்ன தடை இருக்க வேண்டும் என்று பாருங்கள்: 230 × 230 ÷ 1800 = 29.4 ஓம். அதே தடைதான், அழுத்தம் மட்டும் குறைந்திருக்கிறது. அழுத்தத்தைக் காலையில் அளந்துவிட்டு ஓட்டத்தை இரவில் அளந்தால் இந்தப் பொருத்தம் கிடைக்காது. இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும்.

விடையை 29.3506 என்று எழுதாதீர்கள். கிளாம்ப் மீற்றர் சாதாரணமாகவே இரண்டு மூன்று வீதம் முன்பின் காட்டும். "29 ஓம் அளவில்" என்றால் போதும்.

இனி இதே கேத்திலை 200 வோல்ட்தான் வருகிற வீட்டுக்குக் கொண்டு போவோம். தடை 29.35 ஆகவே இருக்கும். வலு 200 × 200 ÷ 29.35 = 1363 வாட். 230 வோல்ட், 1800 வாட்டோடு ஒப்பிட்டால் அழுத்தம் 13 வீதம் குறைந்ததற்கு வலு கால் பங்கு போய்விட்டது, வர்க்கத்தின் வேலை. ஒன்றரை லீற்றர் தண்ணீரை 28 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுவர 1.5 × 4200 × 72 = 453,600 ஜூல் தேவை (ஒரு லீற்றரை ஒரு பாகை சூடாக்க 4200 ஜூல்). 1740 வாட்டில் 4 நிமிடம் 21 செக்கன், 1363 வாட்டில் 5 நிமிடம் 33 செக்கன். வெளியே போகும் சூட்டையும் சேர்த்தால் இரண்டிலும் இன்னும் கொஞ்சம் கூடும். "கேத்தில் சூடாகுதில்ல மனே, பழுதாப் போயிட்டு போல" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது எத்தனை மணிக்குச் சூடாகுதில்லை என்றுதான். நம் இலங்கையில் 230 வோல்ட்டிலிருந்து 6 வீதம் கூடக் குறைய இருக்கலாம் என்பது விதி, அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வரை. மெயின் சுவிட்சிலேயே 200 வந்தால் அது மின்சாரம் வழங்கும் நிறுவனத்திடம் முறையிட வேண்டிய விடயம், கேத்தில் கடைக்குப் போக வேண்டியதில்லை.

இதோடு சேர்த்து இன்னொரு கணக்கு. பழைய 5 அம்பியர் வட்டக்கால் சொக்கற் தாங்குவது 5 × 230 = 1150 வாட். 13 அம்பியர் சொக்கற் 2990 வாட். 1800 வாட் கேத்திலை மல்டி பிளக் வழியாக 5 அம்பியர் சொக்கற்றில் செருகுகிற வீடுகள் ஏராளம். கால் கருகிய பிளக்கைப் பார்த்துவிட்டுப் பிளக்கைத்தான் மாற்றுகிறார்கள், சொக்கற் அப்படியே இருக்கிறது.

வயரின் தடையும் உப்புக் காற்றும்

கல்லடியிலும் பாசிக்குடாவிலும் கல்முனையிலும் திருக்கோவிலிலும் கடலுக்குக் கிட்ட வீடு உள்ளவர்கள் இந்தப் பகுதியை நின்று படிக்கலாம். உப்புக் காற்று செம்பைப் பச்சை பூக்க வைக்கும். பூத்த இணைப்பின் தடை கூடும். மல்டிமீற்றரின் ஓம் நிலையில் அது பிடிபடாது, ஏனென்றால் மீற்றரின் சொந்த வயருக்கே 0.2, 0.3 ஓம் தடை இருக்கும். ஆனால் அழுத்தமும் ஓட்டமும் கொண்டு பிடித்துவிடலாம்.

செய்முறை இது. குசினிச் சொக்கற்றில் எதுவும் ஓடாதபோது அழுத்தம் எடுங்கள்: 229 வோல்ட். கேத்திலைப் போட்டு மறுபடி எடுங்கள்: 217 வோல்ட், ஓட்டம் 7.4 அம்பியர். 12 வோல்ட் வழியில் விழுந்திருக்கிறது. வழியின் தடை 12 ÷ 7.4 = 1.62 ஓம். வழியில் வெப்பமாகப் போவது 12 × 7.4 = 89 வாட். பக்கத்து வீட்டில் எதையாவது போட்டாலும் அழுத்தம் ஆடும், ஆகவே சில தடவை போட்டு நிறுத்தி அதே வித்தியாசம் வருகிறதா என்று பாருங்கள்.

இந்த 1.62 ஓமில் எவ்வளவு வெளியே லைனில், எவ்வளவு வீட்டுக்குள்? மெயின் சுவிட்சுக்குப் பக்கத்துச் சொக்கற்றில் அதையே செய்தோம்: 229 இலிருந்து 226, ஓட்டம் 7.7. 3 ÷ 7.7 = 0.39 ஓம். அப்படியானால் மெயினுக்கும் குசினிக்கும் இடையில் மட்டும் 1.23 ஓம் உட்கார்ந்திருக்கிறது.

அங்கே இருக்க வேண்டிய தடை எவ்வளவு? சொக்கற்றுக்கு இழுத்திருப்பது 7/0.67 வயர், அதாவது 0.67 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஏழு இழை. குறுக்கு வெட்டு 2.5 சதுர மில்லிமீற்றர் அளவில் வரும். அதன் தடை ஆயிரம் மீற்றருக்கு 7.41 ஓம். மெயினிலிருந்து குசினி 15 மீற்றர், போக வர 30 மீற்றர். 30 × 7.41 ÷ 1000 = 0.22 ஓம். மிச்சம் ஏறத்தாழ 1 ஓம். அது வயரில் இல்லை, ஏதோ ஒரு மூட்டில் இருக்கிறது. 7.4 × 7.4 × 1 = 55 வாட், ஒரு திருகாணி அளவு இடத்தில். ஈயம் உருக்கும் சோல்டரிங் அயனே 30 முதல் 60 வாட்தான்.

மெயினை நிறுத்தி, நிறுத்தியதை டெஸ்டரால் உறுதி செய்து, சொக்கற்றைக் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் தெரியும்: திருகாணியைச் சுற்றிப் பிளாஸ்ரிக் பழுப்பாகி, வயர் உறை சுருங்கி, செம்பு பச்சையும் கறுப்புமாக இருக்கும். கறுத்த துண்டை வெட்டி எறிந்து, பளபளக்கும் செம்பு வரும்வரை சீவி, புதுச் சொக்கற்றில் இறுக்க வேண்டும். கை பழகாதவர்கள் வயரிங் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். முடிந்ததும் அதே இரண்டு அளவையும் திரும்ப எடுத்தால் 1.62 என்பது 0.6 அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும்.

பெரிய லைன்களிலும் இதே கணக்குத்தான். அம்பாறையில் இங்கினியாகலை நீர்மின் நிலையம் ஏறத்தாழ 11 மெகாவாட் ஆற்றல் கொண்டது. அவ்வளவு வலுவை 230 வோல்ட்டில் அனுப்புவதானால் ஓட்டம் 47,000 அம்பியரைத் தாண்டும். வயர் இழப்பு ஓட்டத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் அதை ஊருக்குள் கொண்டுவந்து சேர்க்கவே முடியாது. வீதியோரம் 33,000 வோல்ட் கம்பி ஓடுவதற்கும், கீழே இறக்க ட்ரான்ஸ்போமர் இருப்பதற்கும் காரணம் இந்த ஒரே பெருக்கல்.

தடை நிலையாக நில்லாத இடங்கள்

கேத்திலின் கொயில் நிக்குரோம் வகைக் கலப்பு உலோகம். சூடானாலும் தடை அதிகம் மாறாது. ஆகவே பிளக்கைக் கழற்றி, கேத்தில் சுவிட்சைப் போட்ட நிலையில் வைத்து, பிளக்கின் லைவ், நியூட்ரல் கால்கள் இரண்டிலும் ஓம் மீற்றரை வைத்தாலும் 29 அளவில் காட்டும். எதுவும் காட்டாவிட்டால் கொயிலோ உள் சுவிட்சோ அறுந்திருக்கிறது.

பழைய இழைக் குமிழ் அப்படி இல்லை. 60 வாட் குமிழ் எரியும்போது 230 × 230 ÷ 60 = 882 ஓம். குளிர்ந்த நிலையில் மீற்றரை வைத்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. தங்குதன் இழை சூடேறும்போது தடை பல மடங்கு ஏறுகிறது. அதனால்தான் குமிழ் போடும் கணத்தில் அதிகம் பியூஸ் ஆகிறது: ஆரம்ப ஓட்டம் வழக்கத்தைவிடப் பல மடங்கு. எல்ஈடி குமிழில் உள்ளே மின்னணுச் சுற்று இருக்கிறது. அங்கே வோல்ட்டை அம்பியரால் வகுத்தால் ஓர் எண் வரும், அதை வைத்து வேறெந்த அழுத்தத்துக்கும் எதையும் சொல்ல முடியாது.

தண்ணீர் மோட்டர்

களுதாவளைப் பக்கம் தோட்டத்துக் கிணற்றில் அரைக் குதிரைவலு மோட்டர். ஓடும்போது 228 வோல்ட், 3.1 அம்பியர். பெருக்கினால் 707. இதை 707 வாட் என்று எழுதினால் பிழை. மோட்டரில் அழுத்தமும் ஓட்டமும் ஒரே கணத்தில் ஏறி இறங்குவதில்லை. ஓட்டம் சற்றுப் பின்தங்கும். பெருக்கத்தை வலுக்காரணியால், அதாவது இந்தப் பின்தங்கலுக்கு ஏற்ப 1 ஐ விடக் குறையும் எண்ணால், மேலும் பெருக்கினால்தான் வாட் வரும். 228 ÷ 3.1 = 73.5 என்பதும் கொயிலின் தடை ஆகாது. அதே கொயிலை ஓம் மீற்றரால் அளந்தால் மிகக் குறைவாகத்தான் இருக்கும்.

உண்மையான வாட்டை எப்படி அறிவது? உங்கள் வீட்டு மின் மீற்றரே அதை அளந்துகொண்டிருக்கிறது. டிஜிட்டல் மீற்றரில் ஒரு சிவப்பு விளக்கு துடிக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்பது முகப்பில் அச்சிடப்பட்டிருக்கும். 1600 என்று எடுப்போம். ஒரு யூனிட் 3,600,000 ஜூல், ஆகவே ஒரு துடிப்பு 2250 ஜூல். பிரிட்ஜ் உட்பட மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி மோட்டரை மட்டும் ஓட விடுங்கள். ஒரு துடிப்பில் நேரத்தைத் தொடங்கி, அதன் பிறகு பத்து எண்ணுங்கள். 40 செக்கன் ஆனால்:

10 × 2250 ÷ 40 = 562 வாட்.

வலுக்காரணி 562 ÷ 707, அதாவது 0.8 அளவு. அரைக் குதிரைவலு என்பது 373 வாட், அது தண்டில் கிடைக்கும் வலு. 373 ÷ 562 = 0.66. உள்ளே போகும் வலுவில் மூன்றில் இரண்டு பங்கு வேலையாகிறது, மீதி சூடாகிறது. சின்ன மோட்டருக்கு இது வழக்கமான வினைத்திறன்தான். ஒரு நாளைக்கு 2 மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு 0.562 × 2 × 30 = 34 யூனிட் அளவில் வரும்.

வீட்டிலிருந்து கிணறு 60 மீற்றர் தூரம், இழுத்திருப்பது 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் என்றால், அதன் தடை ஆயிரம் மீற்றருக்கு 12.1 ஓம். 120 × 12.1 ÷ 1000 = 1.45 ஓம். ஓடும்போது விழுவது 3.1 × 1.45 = 4.5 வோல்ட்தான், பிரச்சினையில்லை. ஆனால் தொடங்கும் கணத்தில் மோட்டர் ஐந்தாறு மடங்கு ஓட்டம் எடுக்கும். 17 அம்பியர் என்று வைத்தால் 25 வோல்ட் விழும். ஏற்கெனவே 205 வரும் மாலையில் மோட்டருக்குக் கிடைப்பது 180. அது உறுமிக்கொண்டே நிற்கும், சுற்றாது. மோட்டரைத் தொடக்கிவிடும் கப்பாசிற்றரை மாற்றிப் பார்ப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 4 சதுர மில்லிமீற்றர், அதாவது 7/0.85 வயர் போட்டால் தடை 0.55 ஓமுக்கு இறங்கும், விழுவதும் 9.4 வோல்ட்டுக்கு இறங்கும்.

மோட்டர் நன்றாக ஓடும் நாளில் எடுத்த அம்பியரை மோட்டர் கொட்டிலின் கதவில் பெயின்ற்றால் எழுதி வையுங்கள். 3.1 என்பது ஒரு நாள் 4 க்கு மேல் போனால் தாங்கியோ (பெயாரிங்) மணல் அடைத்த சுழலியோ தண்டை இறுக்குகிறது, அப்படியே விட்டால் கொயில் எரியும். 3.1 என்பது திடீரெனக் கீழே இறங்கினால் மையநீக்கப் பம்ப் தண்ணீர் இல்லாமல் சுற்றுகிறது என்று பொருள்: கிணறு வற்றியிருக்கும், அல்லது உறிஞ்சு குழாயின் அடியிலுள்ள கால் வால்வு கசிந்து குழாயில் காற்றுப் புகுந்திருக்கும். உடனே நிறுத்துங்கள், சீல் சூடேறிப் போனால் அதுதான் செலவு.